தமிழ்க் காதுக்கு எட்டும் கிரேக்கம்

2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களும் அதில் இடம்பெற்றன. காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள இந்த ஊர்க்காரர்கள் சட்டம் வருவதற்கு முன்பே தங்களை டெல்டாக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கீழணையிலும் வீராணத்திலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து நாற்று விடுகிறவர்களுக்கு வேறு பெயர் பொருந்தாது. தினமும் அவர்கள் வாயில் புழங்கும் அந்த 'டெல்டா' கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து.

பெரிய டெல்டாவின் வடிவம் முக்கோணம். நைல் நதி எகிப்தில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் நிலப்பரப்பு அதே வடிவில் இருந்ததால், அதற்கு எழுத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஹெரோடோட்டஸ் எகிப்தைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறார். இன்றைய வரைபடத்தில் நைலின் முக்கோணம் தலைகீழாகத் தெரியும். காவிரியின் முக்கோணமோ பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். முனை கல்லணைப் பக்கம், அடிக்கோடு வங்கக் கடற்கரை.

டெல்டா மட்டும்தானா? கீரப்பாளையம் வட்டாரத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எதையும் கேட்டுப் பார்க்கலாம், நாலைந்து கிரேக்க எழுத்துகளாவது கைவசம் இருக்கும். இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் ஆல்ஃபாவும் பீட்டாவும். முக்கோணவியலில் கோணம் தீட்டா. வட்டம் வந்தால் பை. அறிவியலில் அலைநீளத்துக்கு லாம்டா, மின்தடையின் அலகான ஓமுக்குப் பெரிய ஒமேகா. பதினொன்று, பன்னிரண்டில் இயற்பியல் எடுத்தவர்களுக்கு மியூ, நியூ, ரோ, ஈட்டா, சிக்மா எல்லாம் சேர்ந்துவிடும். மொத்தமே 24 எழுத்துகள்தான். பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்திலேயே முடிந்துவிடுகிறது. 247 எழுத்துகளை அட்டை போட்டு மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் யாரும் இவற்றை எழுத்துகளாகக் கற்பதில்லை, குறியீடுகளாகவே கற்கிறார்கள். அதனால் சில சில்லறைக் குழப்பங்கள் வருகின்றன. கிரேக்க நியூ பார்வைக்கு ஆங்கில 'வி' போலவே இருக்கும். அலையின் திசைவேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வருவது. அதிர்வெண்ணுக்கு நியூ, திசைவேகத்துக்கு வி. கரும்பலகையில் இரண்டையும் அவசரமாக எழுதினால் 'வி சமம் வி லாம்டா' என்று ஆகிவிடும், சமன்பாட்டில் லாம்டாவுக்கு வேலையே இல்லாமல் போகும். திரவ அழுத்தத்தின் சூத்திரம் 'ஹெச் ரோ ஜி'. அந்த ரோவை 'பி' என்று படித்துவிட்டு, அழுத்தமும் பி, அடர்த்தியும் பியா என்று குழம்பாத வகுப்பு அரிது. பயனுறுதிறனைக் குறிக்கும் ஈட்டா, வால் நீண்ட 'என்'. கோணத் திசைவேகத்தின் சின்ன ஒமேகா, வளைந்த 'டபிள்யூ'.

உருவம் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. ரோமானியர்களின் எழுத்து கிரேக்கத்தின் மேற்கத்திய வடிவம் ஒன்றிலிருந்து எட்ரஸ்கர்கள் வழியாகக் கிளைத்தது. ஒரே குடும்பம், ஆனால் பங்காளிகள் ஒவ்வொருவரும் வேறு ஒலியை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் 'ஹெச்' ஆக நிற்பது கிரேக்கத்தில் பெரிய ஈட்டா, அதாவது உயிரெழுத்து. ஆங்கில 'எக்ஸ்' அங்கே 'கி'. ஆங்கில 'பி' அங்கே ரகரம். ஆங்கிலம் தெரிந்தவர் கிரேக்கம் படிக்க உட்கார்ந்தால் முதல் வாரம் முழுக்க மறப்பதற்கே சரியாக இருக்கும்.

தமிழ் வாசகருக்கும் அதே சிக்கல்தான், ஏனென்றால் கிரேக்க எழுத்துகள் நமக்கு ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன. பீட்டா, தீட்டா, டெல்டா, ஐயோட்டா என்று எங்கும் டகரமாக ஒலிப்பதற்குக் காரணம் ஆங்கிலேயரின் நாக்கு. கிரேக்கரின் நாக்கு அந்த இடத்தில் மேலண்ணத்துக்குப் போவதில்லை, பல்லைத் தொடுகிறது. நம் 'பத்து', 'முத்து'வில் வருகிற அதே ஒலி. தமிழில் தகரம் இருக்க, ஆங்கிலத்தைக் கேட்டு டகரம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏதென்ஸில் இன்று ஒரு பள்ளிப் பிள்ளை சொல்லும் எழுத்துப் பெயர்கள் நம் காதில் ஏறக்குறைய இப்படி விழும்: அல்ஃபா, வீத்தா, காமா, தெல்தா, எப்சிலொன், ஸீத்தா, ஈத்தா, தீத்தா, யோத்தா, காப்பா, லாம்தா, மி, நி, க்ஸி, ஓமிக்ரொன், பி, ரோ, சிக்மா, தாஃப், இப்சிலொன், ஃபி, ஹி, ப்ஸி, ஒமேகா. நம்முடைய 'பை' அங்கே 'பி'. 'மியூ' வெறும் 'மி'.

இந்தப் பட்டியலில் பதினைந்தாம் எழுத்தும் கடைசி எழுத்தும் தனியாகப் பேச வேண்டியவை. 2021 மே 31 அன்று உலக சுகாதார அமைப்பு கொரோனாவின் திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கத் தொடங்கியது. முதலில் கண்டறியப்பட்ட நாட்டின் பெயரால் திரிபை அழைத்து அந்த நாட்டுக்காரர்களைக் கரித்துக்கொட்டும் வழக்கத்தை நிறுத்துவதே நோக்கம். இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட திரிபு டெல்டா ஆனது. டெல்டா மாவட்டத்திலேயே டெல்டா பரவுகிறது என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டு விழித்தவர்கள் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று அடுத்த பெரிய திரிபு வந்தபோது வரிசைப்படி அதற்கு நியூ என்று பெயர் வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'புதிய' என்ற சொல்லோடு அது குழம்பும் என்று விட்டார்கள். அடுத்த எழுத்தான க்ஸி பலருக்குக் குடும்பப் பெயர் என்று அதையும் தாண்டினார்கள். அப்படி வந்து நின்றதுதான் ஒமிக்ரான். தமிழ் நாளிதழ்கள் ஒன்று 'ஒமிக்ரான்' என்றும் மற்றொன்று 'ஒமைக்ரான்' என்றும் அச்சடித்தன.

ஒமிக்ரான் என்றால் சின்ன ஒ. ஒமேகா என்றால் பெரிய ஓ. பெயரிலேயே குறிலும் நெடிலும் இருக்கின்றன. பழைய கிரேக்கத்தில் இந்த இரண்டும் ஒலிக்கும் நேரத்தால் வேறுபட்டவை. ஒன்று 'ஒடி', மற்றது 'ஓடி'. எகரத்திலும் இதே கதை: எப்சிலான் குறில், ஈட்டா நெடில். ஆங்கிலேய மாணவருக்கு இதை விளக்க ஆசிரியர்கள் பாடாய்ப் படுவார்கள். இந்திக்காரருக்கும் எளிதில்லை, ஏனெனில் தேவநாகரியின் மரபான உயிரெழுத்து வரிசையில் குறில் எகரமும் ஒகரமும் கிடையாது. தமிழருக்கு? எ, ஏ, ஒ, ஓ என்று ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்த சமாசாரம்.

இதைவிடச் சுவையானது, இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்ட இரண்டு மொழிகளும் பட்ட பாடு. ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு குறில் ஒகரத்தையும் நெடில் ஓகாரத்தையும் எழுதினார்கள். எகரத்துக்கும் ஒரே எழுத்துதான். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கிழக்கே, இன்றைய துருக்கிக் கரையில் இருந்த அயோனியக் கிரேக்கர்கள்தான் ஈட்டாவையும் ஒமேகாவையும் நெடிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கி.மு. 403/402இல், யூக்ளிடிஸ் என்பவர் ஆட்சித் தலைவராக இருந்த ஆண்டில், ஏதென்ஸ் அந்த அயோனிய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 24 எழுத்து வரிசை நிலைபெற்றது அதன் பிறகுதான்.

தமிழில் தொல்காப்பியர் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கச் சொன்னார். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதாலோ என்னவோ, பிற்கால ஏடுகளில் புள்ளி காணாமல் போனது. ஏட்டைப் படித்தவர்கள் 'எரி'யா 'ஏரி'யா என்று இடம் பார்த்தே தெளிந்தார்கள், ஏதென்ஸ்காரர்களைப் போலவே. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகாரத்துக்குக் கீழே கோடும் ஓகாரத்துக்கு அடியில் சுழியும் கொடுத்து, உயிர்மெய்க்கு இரட்டைச் சுழிக் கொம்பு போட்டார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. ஆக, ஏதென்ஸில் சட்டத்தால் நடந்ததைத் தமிழில் ஒரு பாதிரியார் செய்தார். நடுவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி.

கிரேக்கர்களும் எழுத்தைத் தாமே உண்டாக்கவில்லை. ஏறத்தாழ கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் ஃபினீசிய வணிகர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஃபினீசியத்தில் 'ஆலெப்' என்றால் மாடு, 'பேத்' என்றால் வீடு, 'தாலெத்' என்றால் கதவு. கிரேக்கத்தில் அந்தப் பெயர்களுக்குப் பொருள் இல்லை, ஒலி மட்டும் தங்கியது. ஃபினீசிய எழுத்தில் மெய் மட்டுமே உண்டு, உயிரைப் படிக்கிறவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். கிரேக்கர்கள் தங்கள் மொழிக்குத் தேவைப்படாத சில மெய்யெழுத்துகளை எடுத்து உயிருக்கு வைத்தார்கள். அந்த ஒரு மாற்றம்தான் பின்னால் லத்தீன், ரஷ்ய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம். பழங்காலக் கல்வெட்டுகளில் ஒரு வரி வலமிருந்து இடமாகவும் அடுத்த வரி இடமிருந்து வலமாகவும் ஓடும். உழவுமாடு சால் முடிந்து திரும்புவது போல என்பதே அந்த முறைக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர். கீரப்பாளையத்தில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

இனி உச்சரிப்பு. கிரேக்கம் கற்பவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி, எந்தக் கிரேக்கம் என்பது. பிளேட்டோவின் காலத்துக் கிரேக்கம் ஒரு விதமாக ஒலித்தது, இன்றைய ஏதென்ஸ் வேறு விதமாகப் பேசுகிறது, எழுத்து மட்டும் மாறவில்லை. 1528இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர், பழைய கிரேக்கர்கள் இன்றைய கிரேக்கர்களைப் போல ஒலித்திருக்க முடியாது என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். அதன் வழியில் வந்த முறைக்கு எராஸ்மிய உச்சரிப்பு என்று பெயர். உலகின் பல இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்லிப் பழகுகிறார்கள். ஏதென்ஸ்காரர்களுக்கு அது கேட்கச் சகிக்காது.

பழைய முறையில் பீட்டா, காமா, டெல்டா மூன்றும் அதிர்ந்து வரும் ஒலிகள், 'பம்பரம்' என்னும்போது நடுவில் கேட்கிற பகரம் மாதிரி. ஃபை, கி, தீட்டா மூன்றும் மூச்சு சேர்ந்த ப, க, த. தெலுங்கிலும் கன்னடத்திலும் இவற்றுக்குத் தனி எழுத்தே இருக்கிறது, தமிழில் இல்லை. ஆகவே பழைய கிரேக்கத்தின் மெய்யெழுத்துகள் தமிழருக்குக் கொஞ்சம் தகராறுதான்.

இன்றைய கிரேக்கம் அப்படியில்லை. பீட்டா இளகி வகரமாகிவிட்டது. டெல்டா இளகி, 'அது', 'எது' என்று சொல்லும்போது நாக்குப் பல்லை முழுதாக அடைக்காமல் உரசிப் போகிறதே, அந்தத் தகரமாகிவிட்டது. காமா இளகி 'பகல்', 'மகன்' என்பவற்றின் ககரமாகிவிட்டது. தொண்டையில் லேசாக உரசும், அழுத்தாது. தமிழ் இலக்கணம் இதற்குத் தனி எழுத்து கொடுக்கவில்லை. வாய் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சரியாகச் சொல்லி வருகிறது. ஆங்கிலேயர் காமாவை ஒலிக்க மாதக்கணக்கில் பழகுகிறார்கள். கீரப்பாளையத்துப் பிள்ளை 'மகன்' என்று சொல்லி, முதல் எழுத்தை விழுங்கிவிட்டால் போதும், காமாவில் தொடங்கும் கிரேக்கச் சொல்லுக்கு வாய் தயாராகிவிடும்.

மூக்கொலி விஷயத்தில் இரண்டு மொழிகளுக்கும் உள்ள ஒற்றுமை இன்னும் வியப்பானது. தமிழில் 'பாக்கு' வேறு, 'பாங்கு' வேறு. ங்-க்குப் பின்னால் வரும் ககரம் தானாகவே அதிரும். ம்-க்குப் பின் பகரம், ந்-க்குப் பின் தகரம் எல்லாம் அப்படியே. யாரும் சொல்லித் தருவதில்லை, வாய்க்கே தெரியும். கிரேக்கத்திலும் இதுதான் விதி. மியூவுக்குப் பின் பை வந்தால் 'ம்ப', நியூவுக்குப் பின் தாவ் வந்தால் 'ந்த', காமாவுக்குப் பின் காப்பா வந்தால் 'ங்க'. கிரேக்கத்தில் ஐந்துக்குப் பெயர் 'பெந்தெ'. இதைத் தமிழில் இப்படி எழுதிக் கடலூர்க்காரர் ஒருவர் படித்தால், ஏதென்ஸ் கடைக்காரருக்கு மறுபேச்சில்லாமல் புரியும். விளக்குக்கு 'லாம்பா'. அதுவும் அப்படியே. இளைய தலைமுறைக் கிரேக்கர்கள் பலர் இப்போது மூக்கொலியை விட்டுவிட்டு வெறும் அதிர்வை மட்டும் ஒலிக்கிறார்கள். பாட்டிமார்தான் 'பெந்தெ' என்று முழுசாகச் சொல்வார்கள்.

இதனால் இன்னொரு வேடிக்கை. பீட்டா வகரமாகிவிட்டதால், பஸ், பார் போன்ற அயல்சொற்களின் அதிரும் பகரத்தை எழுதக் கிரேக்கர்களிடம் தனி எழுத்தே இல்லை. என்ன செய்வது? மியூவையும் பையையும் சேர்த்து 'ம்ப' என்று எழுதுகிறார்கள். ஏதென்ஸில் மதுக்கடைப் பலகையில் எழுத்துக்கு எழுத்து 'ம்பார்' என்றிருக்கும். தக்காளி 'ந்தொமாத்தா' என்று எழுதப்பட்டு, 'தொமாத்தா' என்று அதிர்வுடன் ஒலிக்கப்படும். பஸ்ஸுக்கும் பழத்துக்கும் ஒரே பகரத்தை வைத்துக் காலம் தள்ளுகிற நமக்கு, இந்த அவஸ்தை நன்றாகவே புரியும்.

ரோவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல உருண்ட ரகரம். பை, தாவ், காப்பா மூன்றும் மூச்சு விடாத ப, த, க. ஆங்கிலேயருக்கு வராது, நமக்கு அதுதான் வரும். ஃபைக்கு ஆய்தம் போட்ட ஃப இருக்கிறது. புதிதாகப் பழக வேண்டியவை இரண்டே. ஒன்று ஸீத்தா, வண்டின் ரீங்காரம். மற்றது தீட்டா, நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்துக் காற்றை விடுவது. கி என்ற எழுத்தைக் கொஞ்சம் காறலான ஹகரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழருக்கும் தலைவலி தருவது இன்றைய கிரேக்கத்தின் இகரம். ஈட்டா, ஐயோட்டா, உப்சிலான் ஆகிய மூன்று எழுத்துகளும், எப்சிலான்-ஐயோட்டா, ஒமிக்ரான்-ஐயோட்டா, உப்சிலான்-ஐயோட்டா ஆகிய மூன்று சேர்க்கைகளும் இன்று ஒரே மாதிரி 'இ' என்றே ஒலிக்கின்றன. பழைய காலத்தில் ஆறும் ஆறு விதம். காலப்போக்கில் எல்லாம் இகரத்தில் போய் விழுந்துவிட்டன. ஒமேகாவுக்கும் ஒமிக்ரானுக்கும் இருந்த குறில் நெடில் வேறுபாடும் போய்விட்டது. படிப்பது எளிது, எழுதுவதுதான் பாடு. லகர ளகர ழகரத்தில் நம் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பதைப் போல, கிரேக்கப் பிள்ளைகள் இந்த ஆறு இகரத்தில் இழக்கிறார்கள்.

இப்படி ஒலி மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் கிரேக்க எழுத்து நம் கடற்கரையைத் தொட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, தன் புவியியல் நூலில் சோழ நாட்டுத் துறைமுகம் ஒன்றைக் கபேரிஸ் என்று எழுதுகிறார். காவிரிப்பூம்பட்டினம் என்று பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். கி, ஆல்ஃபா, பீட்டா, ஈட்டா, ரோ, ஐயோட்டா, சிக்மா என்று ஏழு எழுத்துகள். பழைய முறைப்படி எழுத்துக்கூட்டினால் மூச்சு சேர்ந்த ககரத்தோடு 'கபேரிஸ்'. இன்றைய ஏதென்ஸ் முறைப்படி படித்தால் 'ஹவிரிஸ்'. காவிரிக்கு எது பக்கம் என்று வாசகரே சொல்லிப் பார்க்கலாம். பீட்டா வகரமாகவும் ஈட்டா இகரமாகவும் பொதுப்பேச்சில் இளகிக்கொண்டிருந்தது ஏறக்குறைய அந்த நூற்றாண்டுகளில்தான். மதுரையைத் தாலமி 'மொதூரா' என்கிறார். 'து'வுக்கு அவர் எடுத்த எழுத்து டெல்டா. பெரிப்ளூஸ் என்ற கி.பி. முதல் நூற்றாண்டுக் கடல்வழிக் கையேட்டிலும் தாலமியின் நூலிலும் வரும் 'பொதுகே', கடலூருக்கு வடக்கே புதுச்சேரியை ஒட்டியுள்ள அரிக்கமேடு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

தமிழ் எழுத்தும் அந்தப் பக்கம் போயிருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் கதீமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கிடைத்துள்ளன. 'பானை ஒறி' என்று எழுதிய ஓடும் அங்கே கிடைத்தது. கிரேக்கம் எழுதிப் பேசிய ஊரில் உறியில் பானை தொங்கவிட்ட தமிழர் யாரோ, தம் பானைக்குத் தம் எழுத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸில், முசிறி வணிகத்துக்கான கடன் ஏற்பாடு கிரேக்கத்தில் இருக்கிறது. அதில் சரக்கு ஏற்றி வந்த கப்பலின் பெயர் ஹெர்மாப்போலோன்.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரேக்கம் புத்தகமாகப் படிக்கப்பட்டது சிதம்பரத்துக்குத் தெற்கே, சீர்காழி தாண்டிப் போனால் வரும் தரங்கம்பாடியில். 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியருக்குக் கிரேக்கம் தெரியும், தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1708இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அது முழுதாக அச்சாகி வந்தது. அதே 1706இல்தான் இங்கிலாந்தில் வில்லியம் ஜோன்ஸ் என்பவர் வட்டத்தின் விகிதத்துக்கு முதன்முதலாகப் பை என்ற எழுத்தை எழுதினார். 'சுற்றளவு' என்ற கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து அது. பைக்கும் தரங்கம்பாடிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வருடம் ஒன்றாக அமைந்துபோனது, அவ்வளவுதான்.

தமிழ் வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் கிரேக்க எழுத்துகள் இரண்டு பெயரோடு வருகின்றன: அல்பா, ஓமெகா. பள்ளிக்கூடம் பக்கமே போகாத கிறிஸ்தவப் பாட்டிமாருக்கும் தெரிந்த எழுத்துகள் இவை. அதிலுள்ள 'ஓமெகா'வைக் கவனிக்க வேண்டும். பழைய கிரேக்கத்தில் 'ஓ' நெடில், 'மெ' குறில். வேதாகமம் அதை அப்படியே வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்து 'ஒமேகா' இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டது. ஆனாலும் கணக்கு வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது. இன்றைய ஏதென்ஸில் அழுத்தம் 'மெ'யில் விழுவதால் 'ஒமேகா' என்றே காதில் கேட்கும்.

சிதம்பரத்துக்கே உரிய கிரேக்க எழுத்து ஒன்றும் இருக்கிறது, வானத்தில். 1603இல் யோஹன் பேயர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட விண்மீன் படநூலில், ஒவ்வொரு மண்டலத்திலும் உள்ள மீன்களுக்குக் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தார். பெரும்பாலும் பிரகாசத்தைப் பார்த்து ஆல்ஃபா, பீட்டா என்று வரிசைப்படுத்தினார். ஓரையன் மண்டலத்தின் ஆல்ஃபா, செந்நிறமாக மின்னும் பெட்டல்ஜூஸ். அதுதான் நம் திருவாதிரை. மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கீரப்பாளையத்திலிருந்தும் புவனகிரியிலிருந்தும் பஸ் பிடித்துத் தில்லைக்கு வரும் கூட்டம் கொண்டாடும் நட்சத்திரத்துக்கு வானியலில் பெயர் ஆல்ஃபா ஓரையானிஸ். வரிசையில் பேயர் சறுக்கிய இடமும் அதுவே. பீட்டாவான ரைஜல்தான் பெரும்பாலும் அதைவிடப் பிரகாசமாகத் தெரியும். ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை ஆகியவையும் தத்தம் மண்டலத்தின் ஆல்ஃபாக்கள். ஜாதகம் பார்க்கிற வீட்டில் கிரேக்க எழுத்து அறியாமலே புழங்குகிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவருக்கு, பெரிய எழுத்தில் தொடங்குவதே நல்லது. கோடும் வளைவுமாக எளிதில் பிடிபடும். சின்ன எழுத்துகள் கி.பி. 9ஆம் நூற்றாண்டு வாக்கில் நூல் படி எடுத்தவர்களின் அவசரத்தில் நிலைபெற்றவை, வளைவு அதிகம். தமிழ்க் கைக்கு அதுவும் சிரமமில்லை. க்ஸி மட்டும் கொஞ்சம் படுத்தும், பழகினால் வரும். சிக்மாவுக்குச் சின்ன எழுத்து இரண்டு. சொல்லின் கடைசியில் வந்தால் வால் வைத்த உருவம். அழுத்தக் குறி ஒன்றுதான். முன்பு பலவிதக் குறிகள் இருந்தன, 1982இல் கிரேக்க அரசு அவற்றைக் களைந்துவிட்டது. பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதை விடத் தெரிந்த சொற்களை எழுத்துக்கூட்டிப் படிப்பது சீக்கிரம் பலன் தரும். அதற்கு ஊர்ப்பெயர்களைப் போல உதவுவது வேறில்லை. தாலமியின் பட்டியலில் மதுரை இருக்கிறது, கொற்கை 'கொல்கோய்' என்று இருக்கிறது, உறையூர் 'ஓர்தூரா' என்று இருக்கிறது. ஒலிப்பை மேலும் நுணுக்கமாகக் கற்க விரும்புபவருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் பக்கத்திலேயே இருக்கிறது. மொழியியலார் உலக மொழிகளின் ஒலிகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பன்னாட்டு ஒலியெழுத்து வரிசையில் பீட்டாவும் தீட்டாவும் கியும் அதே உருவில் உட்கார்ந்திருக்கின்றன.